கேட்டும் கேளாத நகரம்

(சாலாக் செலாத்தானில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் ஒரு பதிவைக் கேட்டுவிடுவோம். இரண்டு நிமிடம்தான். கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள்.

(ஒலிப்பதிவு கேட்கப்படுகிறது.)

என்னவெல்லாம் கேட்டது? பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி "கொமுட்டர்" என்கிறார். சரிதான். கொமுட்டர் ரயில் நிலையத்துக்குள் வரும் ஓசை அது. ரொட்டிக்காரரின் மோட்டார் ஹார்னை அம்மா ஒருவர் சட்டென்று கண்டுகொண்டார். பழைய நாளிதழ் வாங்க வரும் "பேப்பர் லாமா" வேனின் ஒலிபெருக்கியும் இருந்தது. தொலைவில் பாங்கோசை. அதற்கும் முன்னால் ஒரு குயில். இத்தனைக்கும் அடியில், ஒரு நொடியும் ஓயாமல், நெடுஞ்சாலை இரைந்துகொண்டே இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. இப்போது இந்த மண்டபத்துக்குள்ளும் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அன்றாடம் காதில் விழும் இந்த ஒலிகளைப் பதிவு செய்து அவற்றிலிருந்து கலை படைக்க முடியுமா என்பதே இன்றைய பேச்சு. முடியும் என்று உலகம் பல காலம் முன்பே நிறுவிவிட்டது. அதற்கும் ஒரு படி மேலே போய் ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இந்தக் கலை உடனடித் தேவை. ஏற்கனவே ஒரு முழு உலகத்தின் ஒலியைப் பதிவில்லாமல் இழந்தவர்கள் நாம். இன்னொன்று இப்போது நம் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் நம் வீட்டுச் சொத்திலிருந்து தொடங்குகிறேன். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு நூல். நன்னன் என்ற மன்னனைப் பார்த்துப் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதாக, பெருங்கௌசிகனார் பாடியது. வழியில் எங்கே பள்ளம், எங்கே பாம்பு, எங்கே சோறு கிடைக்கும் என்று சொல்லி வருபவர், மலைக்குள் நுழைந்ததும் காதுக்கு வருகிறார். அந்த மலையில் என்னென்ன ஓசை கேட்கும் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். புலி பாய்ந்த புண் ஆறுவதற்காகக் கணவன் அருகிலிருந்து மனைவி பாடும் பாட்டு. தினை குற்றும் பெண்களின் வள்ளைப் பாட்டு. பன்றியை விரட்டக் காவலர் அடிக்கும் பறை. கரும்பாலையின் ஓசை. இவை எல்லாம் சேர்ந்து மலையில் மோதித் திரும்பும் எதிரொலி.

இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று எண்ணிப் பாருங்கள். கேட்பவர்கள் கூத்தர்கள், இசையே தொழிலாகக் கொண்டவர்கள். யாழும் முழவும் சுமந்து போகிறவர்களிடம், "போகும் வழியில் இதையெல்லாம் கேளுங்கள்" என்கிறார் புலவர். உழைக்கிறவர்களின் ஓசையும் விலங்கின் ஓசையும் இசைவாணர் காதுகொடுக்கத் தக்கவை என்று அவர் கருதியிருக்கிறார். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும் அப்படித்தான். பகலில் கூடும் நாளங்காடி, மாலையில் கூடும் அல்லங்காடி, நள்ளிரவு, விடியல் என்று ஒரு நகரத்தின் ஒரு நாளை ஓசையோடு நமக்குக் காட்டுகிறது. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் சொல்லே கருவியாக இருந்தது. ஆகவே, தெருவின் ஒலியைக் கலையாக்குவது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்று யாராவது சொன்னால், பத்துப்பாட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவி வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930-இல் ஜெர்மனியில் வால்டர் ருட்மன் என்ற திரைப்பட இயக்குநர் "வீக்எண்ட்" என்றொரு படைப்பைச் செய்தார். படச்சுருளில் ஒலியை மட்டும் பதிந்து, படமே இல்லாமல் பதினோரு நிமிடம் ஓடவிட்டார். பெர்லின் நகரம் சனிக்கிழமை வேலையை முடித்து, ஓய்வெடுத்து, திங்கட்கிழமை மறுபடியும் வேலைக்குத் திரும்புகிறது. இயந்திரம், தட்டச்சு, மணியோசை, குழந்தைகள், ரயில் எல்லாம் அதில் உண்டு. வானொலியில் அதை ஒலிபரப்பினார்கள்.

1944-இல் எகிப்தின் கெய்ரோ நகரில் ஹலீம் எல்-தப் என்ற இளைஞர், வானொலி நிலையத்திலிருந்து கம்பியில் ஒலி பதியும் கருவியொன்றை இரவல் வாங்கினார். அதைத் தூக்கிக்கொண்டு, பெண்கள் கூடிப் பாடி நோய் தீர்க்கும் "சார்" சடங்குக்குப் போய்ப் பதிவு செய்தார். பிறகு ஒலிப்பதிவு அறையில் அந்தக் குரல்களிலிருந்து சொற்கள் கரைந்து போகும்படி எதிரொலியைக் கூட்டியும் குறைத்தும் ஒரு புதுப் படைப்பாக மாற்றினார். பதிவொலியைக் கொண்டு இசை செய்யும் கலையின் வரலாறு பாரிஸில் தொடங்குவதாகத்தான் பல நூல்கள் எழுதும். அதற்கு நான்காண்டுகள் முன்பே ஓர் ஆப்பிரிக்க நகரத்தில், எளிய பெண்களின் குரலில் அது நிகழ்ந்துவிட்டது.

பாரிஸில் 1948-இல் நடந்தது நமக்கு வேறு வகையில் நெருக்கமானது. பியேர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் பாத்தினியோல் ரயில் நிலையத்துக்குப் போய், எஞ்சின்களின் ஓசையையும் பெட்டிகள் உருளும் ஓசையையும் இசைத்தட்டில் பதிந்தார். அவற்றை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடுத்தடுத்து வைத்து, மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு படைப்பாக்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் பிரெஞ்சு வானொலி அதை ஒலிபரப்பியது.

ரயில் என்றால் நமக்குச் சும்மாவா? கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். நிலையத்தில் மணியடித்தவர், சமிக்ஞை காட்டியவர், கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்தார், பட்டறையில் இரும்படித்தவர் என்று ரயிலை நம்பியே ஒரு சமூகம் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் வளர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய "ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்" வரிசை வீடுகளில் எத்தனையோ குழந்தைகள் எஞ்சின் ஓசையில் கண்விழித்திருப்பார்கள். அந்த ஓசையைப் பதிந்து ஒரு படைப்பாகச் செய்ய நம்மிடையே ஒரு ஷேஃபர் இல்லாமல் போய்விட்டார். அந்தக் குடும்பங்களும் அங்கிருந்து போய்விட்டன.

பதிவு எப்படிக் கலையாக மாறுகிறது என்பதை ஒரே ஒரு ஒலியில் காட்டுகிறேன். ஒரு கோயில் மணி.

(மணியோசை கேட்கப்படுகிறது.)

அடுத்து அதே பதிவு. நாக்கு மணியில் மோதும் அந்த முதல் கணத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை.

(மீண்டும் கேட்கப்படுகிறது.)

புல்லாங்குழல் என்கிறார் ஒருவர். ஆர்மோனியமா என்று கேட்கிறார் இன்னொருவர். மணி என்று யாரும் சொல்லவில்லை. ஷேஃபர் கண்டுபிடித்த சூட்சுமங்களில் இது ஒன்று. ஓர் ஒலி எதிலிருந்து வருகிறது என்பதை நம் காது பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. தொடக்கம் போனதும் பொருள் மறைந்து, ஒலியின் உடல் மட்டும் மிஞ்சுகிறது. அப்போதுதான் அந்த மணிக்குள் இத்தனை சுரங்கள் இழைந்து கிடப்பது தெரிகிறது. தினமும் கேட்ட மணிதான். இன்றுதான் முழுதாகக் கேட்டோம்.

அடுத்ததாக, ஓர் ஊரை எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். கனடாவின் வான்கூவர் நகரை ஒட்டிய சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் தம் குழுவோடு உலக ஒலிச்சூழல் ஆய்வுத் திட்டத்தை நடத்தினார். 1973-இல் வான்கூவரின் ஒலிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். பாரிஸ்காரருக்கும் இவருக்கும் பெயர் ஒத்துப்போனாலும் உறவில்லை. ஓர் ஊரின் ஒலிகளை மரே ஷேஃபர் மூன்றாகப் பிரித்தார். எப்போதும் ஒலித்துக்கொண்டே இருப்பதால் நாம் கவனிக்காமல் விடும் ஆதார ஒலி. நம்மைக் கூப்பிட்டுச் செய்தி சொல்லும் அழைப்பொலி. அந்த ஊருக்கே உரிய, அது போனால் ஊரே மாறிப்போகும் அடையாள ஒலி.

சாலாக் செலாத்தானை இந்த மூன்றிலும் வைத்துப் பார்ப்போம். நம் ஆதார ஒலி நெடுஞ்சாலை. கூடவே, குளிர்சாதனப் பெட்டிகளின் முனகல். அழைப்பொலிகள் நிறைய: கொமுட்டரின் கதவு மூடும் எச்சரிக்கை, எல்ஆர்டி அறிவிப்பு, பாங்கு, கோயில் மணி, ரொட்டி ஹார்ன், பாசார் மாலாமில் விலை கூவும் குரல். அடையாள ஒலி எது? இங்கேதான் நாம் திகைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதி ஈயம் தோண்டிய பூமி. பக்கத்தில் சுங்கை பீசியில் ஈயச் சுரங்கங்கள் இரைந்த காலம் ஒன்று இருந்தது. அந்த இயந்திர ஓசை எப்படி இருந்தது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேட்கச் செய்ய முடியுமா? சுங்கை பீசி பழைய விமான நிலையம், 1965-இல் சுபாங் வரும்வரை தலைநகரின் வாசலாக இருந்தது. பிறகும் அரை நூற்றாண்டு ஆகாயப் படையின் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நம் கூரைகளுக்கு மேலே பறந்தன. 2018-இல் படைத்தளமும் இடம் மாறிவிட்டது. எல்ஆர்டியில் தொடக்கத்தில் ஓடிய பழைய வண்டிகள் 2010-களில் ஓய்வுபெற்றன. இன்று ஓடுபவை புதியவை. வண்டி மாறினால் மோட்டாரின் குரலும் மாறும். அந்தப் பழைய வண்டி கிளம்பும் ஓசையில் வேலைக்குப் போய் வந்த தலைமுறை ஒன்று இந்த மண்டபத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது மறைந்தால் படமாவது இருக்கும். ஓசை மறைந்தால் அது மறைந்ததே தெரியாது.

இதைவிடப் பெரிய இழப்பு ரப்பர்த் தோட்டம். உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள், அல்லது தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு எழுப்பும் மணி. பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட, ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பது. காண்டா வாளியின் கிறீச்சொலி. கித்தா ஸ்டோரில் உருளைகள் சுழலும் ஓசை. ஆயாக் கொட்டகையில் நான்கைந்து குழந்தைகளை ஒரே தாலாட்டில் தூங்கவைக்கும் பாட்டியின் குரல். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் சண்டையும் சமாதானமும். அந்த உலகம் கலைந்து, மக்கள் பட்டணத்துக்கு வந்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறியபோது, பெட்டியில் துணிமணி வந்தது, சாமி படம் வந்தது, சிலரிடம் புகைப்படம் வந்தது. ஒலி வரவில்லை. ஒலிநாடா சாதாரணமாகக் கிடைத்த ஆண்டுகள்தாம் அவை. சினிமாப் பாட்டுப் பதிய அதைப் பயன்படுத்தினோம். பெரட்டு மணியைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. தினமும் கேட்பது என்றைக்கும் கேட்கும் என்றே மனிதர் நம்புகிறோம்.

பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு நடை போய் வருவோம். துன் சம்பந்தன் சாலையில் துணிக்கடை, பூக்கடை, பாட்டுக்கடை எல்லாம் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு போட்டி போடும். மேலே மோனோரெயில் வளைவில் திரும்பும். அந்த வட்டாரத்தில்தான், 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் இருக்கிறது. பயிற்சிக்கும் பணிக்கும் அங்கே வந்த பலர் அந்த வட்டாரத்திலேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் அங்கே பெயர் பெற்றவை.

ஒரு வெள்ளைக்கோலின் நுனியைக் கவனித்துக் கேளுங்கள். சிமெண்டு நடைபாதையில் "டக்" என்று சிறிதாக ஒலிக்கும். மேடு வைத்த வழிகாட்டும் ஓடுகளில் உரசும்போது "கர்" என்று நீளும். சாக்கடையின் இரும்பு மூடி வந்தால் அடியில் இருக்கும் வெற்றிடம் முழுதும் சேர்ந்து முழங்கும். கடைச் சுவர் முடிந்து சந்து திறக்கும் இடத்தில் அதே தட்டல் திடீரென்று மெலியும், அந்தப் பக்கம் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. நாம் இரைச்சல் என்று காதைப் பொத்திக்கொள்ளும் தெருவில் கோல் பிடித்தவர் வழியைக் கேட்டுப் போகிறார். பிரிக்பீல்ட்ஸின் ஒலிக்கலையை யார் தொடங்க வேண்டும் என்று கேட்டால், அவர்களை அழையுங்கள் என்பேன். அந்தத் தெருவை அவர்களைப்போல் முழுதாகக் கேட்டவர் யார்?

இரைச்சல் என்ற தீர்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாருடைய ஒலி இசை, யாருடைய ஒலி தொல்லை என்பதைப் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே முடிவு செய்கிறார்கள். நம் இளைஞர்களின் உறுமி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த அடிவயிற்றுக் குமுறல் எத்தனை பேரை முகம் சுளிக்க வைத்திருக்கிறது! லண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர், சென்னைக்குப் போய் உறுமிக்காரர்களைப் பதிவு செய்தார். 2007-இல் வெளிவந்த அவருடைய "காலா" இசைத்தொகுப்பில் அந்த உறுமி உலகமெங்கும் ஒலித்தது. அதே தொகுப்பிலுள்ள "பேப்பர் பிளேன்ஸ்" பாட்டில் துப்பாக்கி வேட்டும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் தாளமாகவே வருகின்றன. அகதிகளையும் குடியேறிகளையும் உலகம் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதை அந்த இரண்டு ஓசைகளே சொல்லிவிடுகின்றன. அன்றாட ஒலிக்கு அவ்வளவு வலிமை உண்டு.

பெங்களூரில் புத்தாதித்ய சட்டோபாத்யாய் என்ற ஒலிக்கலைஞர் மெட்ரோ ரயில் கட்டுமானம் நடந்த இடங்களில் அலைந்து பதிவு செய்தார். பழைய பொருள் சந்தையில் கிடைத்த ஒலிநாடாச் சுருள்களிலிருந்து அந்நகரத்தின் பழைய குரல்களையும் மீட்டார். இரண்டையும் இழைத்து அவர் செய்த படைப்பு 2013-இல் "பெங்களூருக்கு ஓர் இரங்கற்பா" என்று பொருள்படும் பெயரில் வெளிவந்தது. மெட்ரோவுக்காகத் துளையிடும் ஓசைக்கு நடுவே, எப்போதோ யாரோ பதிந்த குரல் ஒன்று எழுந்து அடங்குவதாக அது அமைந்திருக்கிறது.

தமிழ்த் திரையிலும் ஒரு சான்று இருக்கிறது. 2019-இல் பார்த்திபன் எடுத்த "ஒத்த செருப்பு" படத்தில் திரையில் தெரிபவர் ஒரே ஒருவர். மற்றவர்களெல்லாம் குரலாகவும் ஓசையாகவும் மட்டுமே வருகிறார்கள். ஒலியமைத்தவர், "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்துக்காக ஆஸ்கார் பெற்ற ரசூல் பூக்குட்டி. காதை நம்பி ஒரு முழுப் படத்தையே எடுக்கலாம் என்று தமிழ்ப் பார்வையாளர்களுக்கு அது காட்டியது. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த நம் மூத்தவர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது.

கோலாலம்பூரிலேயே இந்தக் கலை உயிரோடு இருக்கிறது. பக்கத்துச் செராஸில் கலைஞர் கொக் சியூ வாயும் நண்பர்களும் "சிக்கல்" என்று ஒலிக்கும் பெயரில் ஒரு சிறு கலைக்கூடத்தை நடத்தினார்கள். 2010-இல் தொடங்கிய கிளெக்ஸ் விழாவில் சோதனைப் படங்களோடு சோதனை இசைக்கும் இடம் உண்டு. கோ லீ குவாங், ஈப்போவின் கமால் சப்ரான் போன்றவர்கள் ஒலியையே ஊடகமாகக் கொண்டு பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறார்கள். இந்த அவையில் நம் குரலும் ஓங்க வேண்டும். நம்மிடம் மேடைப் பாடகர்கள் இருக்கிறார்கள், நடனமணிகள் இருக்கிறார்கள், சொல்லிசைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். தெருவைக் கேட்டுத் தொகுக்கும் கலைஞர்கள் இனிமேல்தான் வர வேண்டும். அவர்கள் இந்த மண்டபத்திலிருந்து வரலாம்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். கைப்பேசி போதும். அதில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, இரைச்சலைத் தானாகக் குறைக்கும் வசதி இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். நமக்கு வேண்டியதையே அது இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். சுருக்காத வடிவில், வேவ் கோப்பாகச் சேமிக்க முடிந்தால் நல்லது. அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் வையுங்கள். காற்று நேரே மோதாமல் ஒரு துணியால் மூடுங்கள். தொடக்கத்தில் தேதி, நேரம், இடம் மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். பிறகு வாய் திறக்காமல், கை அசையாமல் குறைந்தது மூன்று நிமிடம் நில்லுங்கள். அந்த மூன்று நிமிடம்தான் இந்தக் கலையின் பாதி. அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்று கேட்பதை நாம் மறந்து பல காலம் ஆயிற்று.

மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். எண்ணெய் தடவிய பலகையில் மாவு உருண்டையை அமுக்கும் ஓசை ஈரமானது. ரொட்டி போடுபவர் அதை விசிறி வீசத் தொடங்கியதும் மாவு காற்றில் படபடக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் மாவு மெலிகிறது, படபடப்பும் மெலிகிறது. கல்லில் விழுந்ததும் "சுர்". கரண்டி கல்லைச் சுரண்டும் இரும்போசை. வெந்த ரொட்டியை இரு கைகளுக்கும் நடுவே வைத்துத் தட்டும்போது கைத்தட்டல்போல் மூன்று நான்கு அடி. இடையிடையே, "தே ஓ ஐஸ் சத்து! கோசோங் டுவா!" என்று மூன்று மொழிகள் கலந்த கூவல். ஈரம், காற்று, நெருப்பு, இரும்பு, கை, குரல் என்று ஒரு முழுக் கச்சேரிக்குரிய வாத்தியங்கள் ஒரு கல்லைச் சுற்றியே இருக்கின்றன.

இதைப் பதிந்துவிட்டால் கலை ஆகிவிடுமா? ஆகாது. பதிவு செய்பவர் பொருள் சேர்க்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவெடுக்கும்போதுதான் கலைஞர் பிறக்கிறார். பூக்கட்டும் அம்மா எந்த மல்லிக்குப் பக்கத்தில் எந்த மரிக்கொழுந்து என்று கை பழகி வைப்பதுபோல, காது பழகி வைக்க வேண்டும். ரொட்டியின் கைத்தட்டலை எடுத்து, கொமுட்டர் தண்டவாள இணைப்பில் தட்டும் தாளத்தோடு இணைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். அதன்மேல் ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். வேலைக்குப் போகும் ஊர் ஒன்று தானாக எழுந்து நிற்கும். ஒலி தொகுக்கும் ஒடாசிட்டி மென்பொருள் இலவசம். ஒரு விடுமுறைக்குள் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

இந்தக் கலைக்கு ஓர் அறமும் உண்டு. ஒலி பொதுவில் இருந்தாலும் குரல் ஒருவருக்குச் சொந்தமானது. ரொட்டி போடுபவரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். முடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். படைப்பில் பணம் வந்தால் அவருக்கும் பங்கு கொடுங்கள். சாவு வீட்டு அழுகையை, குடும்பச் சண்டையை, தொழுகையில் இருப்பவரின் தனிமையைத் திருடாதீர்கள். நம் பக்கத்துக் கட்டுமானத் தளங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். தூண் இறக்கும் இயந்திரத்தின் இடி நமக்குத் தலைவலி. அந்த இடிக்கு நடுவே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ளும் குரல்களையும் கேளுங்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் தண்டவாளம் போட்ட இடங்களில் இப்படித்தான் தமிழில் குரல்கள் எழுந்திருக்கும். அவற்றை யாரும் பொருட்டாக எண்ணவில்லை. இவர்களுடைய குரலுக்கு நாம் அதே தவற்றைச் செய்யலாகாது.

நிறைவாக என் கோரிக்கை. 1996-இல் ஜப்பான் அரசின் சுற்றுச்சூழல் துறை, மக்களிடம் பரிந்துரை கேட்டு, நாடு முழுதும் நூறு ஒலிச்சூழல்களைத் தேர்ந்து, இவற்றைக் காக்க வேண்டும் என்று அறிவித்தது. 1998-இல் லண்டனில் பீட்டர் கியூசாக் என்ற கலைஞர் தம் ஊர் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: இந்த நகரத்தில் உங்களுக்குப் பிடித்த ஒலி எது, ஏன்? பதில் சொன்னவர்கள் காட்டிய இடங்களுக்குப் போய்ப் பதிவு செய்தார். ஒரு கேள்வியிலிருந்து தொடங்கிய வேலை அது.

அதே கேள்வியை நாம் சாலாக் செலாத்தானில் கேட்போம். தமிழரிடம் மட்டும் கேட்டால் போதாது. புதுக்கிராமத்துச் சீனப் பாட்டியிடமும், மசூதிக்குப் போகும் மலாய் மாமாவிடமும் கேளுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களிடம் மட்டும் இன்னொரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: இப்போது கேட்காமல் போன ஒலி எது? அவர்கள் வாயாலேயே அதை ஒலித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரட்டு மணி எப்படி அடித்தது என்று ஒரு பாட்டி நாவால் ஒலித்துக் காட்டினால், நமக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பதிவு அதுதான். அதைப் பொன்னைப்போல் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு பதிவையும் பெயரிட்டு, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களின் விடுமுறைப் பணியாக எடுத்துக்கொள்ளலாம். போதிய பதிவுகள் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்போம், தேர்வோம், தொகுப்போம், இந்த ஊரின் ஒரு நாளை அரை மணி நேரப் படைப்பாக்கி இதே மண்டபத்தில் ஊராருக்குப் போட்டுக் காட்டுவோம். பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும் அதைக் கேட்டுத் தங்கள் ஊருக்குச் செய்யட்டும்.

தோட்டத்தின் ஒலி போனபோது நம் கையில் ஒலிநாடா இருந்தது. ஆனால் வழி தெரியவில்லை, இது முக்கியம் என்று சொல்ல ஆளும் இல்லை. இன்று மூன்றும் இருக்கின்றன. ஆகவே நாளைக் காலை பசியாறப் போகும்போதே தொடங்குங்கள். பதிவு செய்பவர்கள் என்னிடம் கொண்டு வாருங்கள். தொகுக்கும் வேலையில் உங்களோடு உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன்.